பின்சுவர்க் குடித்தனம்

குடிவந்த மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பாலாம்பாள் உடனே குரலைத் தாழ்த்தினாள். வேலைக்காகத் தூக்கிச் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, தரையில் சோழி உருட்டிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்து, "மெதுவா விளையாடு, மாமா வந்துட்டார்" என்றாள்.

எந்த மாமா என்று அவள் யோசிக்கவில்லை. மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் ஒண்டியிருந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்த பழக்கம் அது. அங்கே தட்டிக்கு அந்தப் பக்கம் இரட்டையாக இருமினால் தபாலாபீஸ்காரர்; நீளமாகக் கனைத்தால் ஜவுளிக்கடைக் கணக்கர். குளிக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் செருமுவார், வெளியே வந்தவர் திரும்பிப் போய்விடுவார். கேட்டதைக் கேட்காததுபோல் இருப்பதுதான் அந்த வீட்டில் மரியாதை. பக்கத்துக் குடித்தனத்து ஆண்பிள்ளைகளின் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை, நேராகப் பேசியதுமில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் குழந்தையிடம் சொல்வாள்: "சாவித்ரி, மாமாகிட்டச் சொல்லு, குழாயிலே தண்ணி நிக்கப் போறதுன்னு." மாமாவும் பதிலைக் குழந்தையிடமே சொல்வார். நடுவில் ஐந்து வயதுக் குழந்தை நின்றால் போதும், யாருக்கும் குறைவில்லை.

கொடியில் கிடந்த துணியை எடுக்க வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனபோதுதான் அவளுக்குக் கால் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வீடே இல்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்த வயல் கிடந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்பின் கறுப்பு. அதற்கும் அப்பால் தண்ணீரில்லாத வைகை, மணலில் பகலின் சூடு இன்னும் ஆறாமல் ஒரு பொரிந்த வாசனையை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. புழுதியில் அடிச்சுவடும் இல்லை. பழைய மண்சுவரின் நடுவில் மட்டும், தரையிலிருந்து தோள் உயரத்துக்கு, ஒரு ஆள் குறுக்கே நுழையும் அகலத்தில், புதிதாக மண் வைத்து அடைத்த இடம் வேறு நிறத்தில் தெரிந்தது.

அவள் துணியை எடுக்காமல் திரும்பி வந்தாள்.

அந்த வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியாகித் தெற்கே வந்தது. வக்கீல்களும் டாக்டர்களும் பெரிய உத்தியோகஸ்தர்களின் குடும்பங்களும் ரயில் ரயிலாக மதுரையில் இறங்கினார்கள். கேட்ட வாடகையைக் கேட்ட இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார்கள். சந்து வீட்டின் சொந்தக்காரர் ஆறு குடித்தனங்களுக்கும் ஒரு மாதத் தவணை சொல்லிவிட்டு, தட்டிகளைப் பிரித்து, முழு வீட்டையும் ஒரே வக்கீலுக்குக் கொடுத்துவிட்டார். பாலாம்பாளின் கணவர் கைலாசநாதன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். உலகத்தின் நதிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரிந்த அவருக்கு, ஊருக்குள் ஓர் அறை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விகள். எத்தனை பேர்? குழந்தை உண்டா? அழுமா? ஊரிலிருந்து மனுஷா வருவார்களா? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். கடைசியில், "மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார், பார்த்துச் சொல்றோம்" என்பார்கள்.

வீடு கிடைக்காவிட்டால் அவளும் குழந்தையும் திருமங்கலத்தில் அவளுடைய அண்ணா வீட்டுக்குப் போவது, கைலாசநாதன் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்வது என்று பேச்சு நடந்திருந்தது. பிரசவத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் மூன்று மாதம் இருந்திருக்கிறாள். மன்னி காப்பியை டம்ளரில் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்வாள். வாசலில் யாராவது வந்தால், "எங்காத்து விருந்தாளி. எப்போ கிளம்பறான்னு அவளுக்கே தெரியாது" என்று சிரிப்பாள். போனால் திரும்பி வருவது நடக்காது என்று பாலாம்பாளுக்குத் தெரியும். அப்படி 'கொஞ்ச நாளைக்கு' என்று அனுப்பப்பட்டு அப்படியே தங்கிப்போன பெண்களை அந்தச் சந்திலேயே நாலு பேரைச் சொல்லலாம்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது கைலாசநாதன் வேர்க்க வேர்க்க வந்தார். "கிடைச்சுடுத்து. ஊருக்கு வெளியே, கோச்சடையிலே. வீட்டுக்கார அம்மா முன்கட்டிலே இருக்கா, பின்கட்டு அறை நமக்கு. நாலு மாசமாப் பூட்டிக் கிடக்கு."

"ஏன் பூட்டிக் கிடக்கு?"

"ரிப்பேர்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கிணற்றடியில் வீட்டுக்காரி சுந்தரம்மாளிடம் கேட்டாள். சுந்தரம்மாள் கணவனை இழந்தவள். பின்கட்டு வாடகையும் இரண்டு எருமையும்தான் அவளுக்கு ஜீவனம்.

"பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் சாயங்காலம் யாரோ செருமறா. யார் அது?"

சுந்தரம்மாளின் கயிறு நின்றது. கிணற்றின் பாதியில் குடம் ஆடியது.

"உங்க வீட்டுக்காரவுக ஒண்ணுஞ் சொல்லலையா?"

"ரிப்பேர்னு சொன்னார்."

"ரிப்பேராம்ல! நல்லாச் சொன்னாக போங்க" என்று சுந்தரம்மாள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "அந்த அறையில கோர்ட்டுல நகல் எழுதுற ஐயரு ஒருத்தரு இருந்தாக. பஞ்சாபகேசன்னு பேரு. பெண்டாட்டியும் ஒரு பொம்பளப்பிள்ளையும் ஊர்ல. பெரிய வீடாப் பாத்துக் கூட்டியாரேன், கூட்டியாரேன்னு ஏழு வருசம் சொன்னாக. ஞாயித்துக்கிழமையானா அந்த அறைய அடிவச்சு அளப்பாக. இங்க அடுப்பு, இங்க அவளுக்குப் பாய், இங்க பிள்ளைக்குன்னு. அளந்து முடிச்சுட்டு, பத்தலையே பத்தலையேன்னு உக்காந்துருவாக. தையில காய்ச்சல் கண்டு மூணே நாள். சதயத்துல போயிட்டாக."

பாலாம்பாளுக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. சதயம் அடைப்பு நட்சத்திரம். அதில் சாவு விழுந்தால் அந்த இடத்தை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். செத்தவர் அதுவரை அங்கிருந்து போகமாட்டார் என்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"வாசல் வழியாக் கொண்டுபோனா வாசலத் தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்துருவாகன்னு பின்சுவத்த ஒடச்சுத்தேன் வெளிய எடுத்தோம். அப்பறம் மண்ணு வச்சு அடச்சாச்சு."

"தெரிஞ்சுண்டே எங்களுக்கு எப்படிக் குடுத்தேள்?"

"நான் எங்கம்மா குடுத்தேன்? ஆடி போகட்டும்னுதேன் சொன்னேன். உங்க வீட்டுக்காரவுக நடையில உக்காந்து அழுதாக. ஆம்பள அழுதா நான் என்ன செய்ய?"

அன்று சாயங்காலம் கைலாசநாதன் வந்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. அவரே தெரிந்துகொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டே."

"மாட்டேன்."

"திருமங்கலம் போயிருப்பே." ஆணியில் தொங்கிய சட்டையின் மடிப்பை நீவினார். "உயிரோட இருக்கறவா முப்பத்தோரு பேர்கிட்டே கேட்டாச்சு. ஒருத்தருக்கும் மனசு வரலை. இவர் ஒருத்தர்தான் ஆட்சேபிக்கலே."

அது வேடிக்கையாகச் சொன்னது. இருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் பின்சுவரில் அந்தச் செருமல் கேட்டது. அடக்கமான, படித்த மனிதரின் செருமல். நான் வந்துவிட்டேன், நீங்கள் உங்கள் பாட்டுக்கு இருங்கள் என்பதுபோல். கைலாசநாதன் பழக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாதம் போடு" என்றார்.

பயம் வந்தால் ஓடிப்போகலாம் என்பதெல்லாம் போக இடமுள்ளவர்களுக்கு. பாலாம்பாள் பயந்துகொண்டே சமைத்தாள், பயந்துகொண்டே அரிசி களைந்தாள். வைகாசி போயிற்று, ஆனி பிறந்தது. பகலெல்லாம் எருமை மூச்சுவிடுகிற சத்தமும் தோப்பில் கிளிகளின் கத்தலுமாக இருக்கும் அந்த வீடு, கோர்ட்டு விடுகிற நேரம் தாண்டி ஒரு நாழிகை ஆனதும் காதைத் தீட்டிக்கொள்ளும், முதலில் ஒரு செருப்புச் சத்தம் வயலின் கட்டிகள்மேல் நிதானமாக நடந்து சுவரருகே வந்து நிற்கும், பிறகு செருமல், பிறகு எங்கிருந்தென்று சொல்லமுடியாமல், புளித்த மையும் கஷாயமும் வேர்வையில் ஊறிய அல்பாகாக் கம்பளிக் கோட்டும் கலந்த ஒரு வாசனை அறைக்குள் பரவி, அடுப்பின் புகையையும் மீறி நிற்கும். அந்த நேரத்துக்குள் அவள் குளித்துமுடித்துவிடுவாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். பாய்களைப் பின்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டவள், அடுத்த வாரம் இரண்டு முழம் தள்ளினாள். ஆனி முடியும்போது மூன்று பேரும் வாசற்கதவை ஒட்டிப் படுத்தார்கள். பாதி அறை வெறுமனே கிடந்தது. யாரும் அதில் காலை வைக்கவில்லை.

ஆடி பிறந்த இரண்டாம் வாரம் சுந்தரம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் ஒருபோதும் உள்ளே வந்ததில்லை.

"வாத்தியாரய்யா, ஆடிக் கடைசியோட ஆறு மாசம் முடியுது. சாந்தி பண்ணிடலாம்னு இருக்கேன். ஆவணி மொத முகூர்த்தத்துல மெட்ராசு வக்கீல் ஒருத்தரு வாராக. பின்னால சன்னல் வேணுமின்னாக, கொத்தனாருக்கும் சொல்லியாச்சு."

"நாங்க?" என்றார் கைலாசநாதன்.

"அடைப்பு வீடுன்னுதேன இம்புட்டுக் கொறச்சலாக் குடுத்தேன்? அடைப்பு எடுத்துட்டா அவுக குடுக்குறத உங்களால குடுக்க முடியுமா, சொல்லுங்க. எனக்கு மட்டும் வயிறு இல்லையா?"

கைலாசநாதன் அன்று ராத்திரி திருமங்கலத்துக்குக் கடிதம் எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது. பாலாவும் குழந்தையும் வரலாம், மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையை ஒழித்துத் தரலாம், மாப்பிள்ளைக்குத்தான் சௌகரியப்படாது. கைலாசநாதன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

கொஞ்ச நாளைக்கு. கொஞ்ச நாளைக்கு. பாலாம்பாள் அன்று பகலெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பாத்திரம் தேய்த்தாள். இந்த வீட்டில் தாங்கள் இருப்பது யாரால்? சுவருக்கு அந்தப் பக்கத்தவர் இருக்கிறவரையில் வக்கீல் வரமாட்டான். அவர் போனால் தாங்களும் போகவேண்டும். இந்தக் கணக்கு மனசில் விழுந்தபோது அவள் அதை மறுபடி போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது.

சாயங்காலம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. செருமல் கேட்டது. பாலாம்பாள் விளக்கைத் தூண்டிவிட்டு, தலைப்பைப் போர்த்திக்கொண்டு, சுவருக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்தாள். குழந்தையைக் கூப்பிட்டாள்.

"சாவித்ரி. மாமாகிட்டச் சொல்லு." குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் போக்கிடம் இல்லைன்னு சொல்லு. அவர் போயிடக் கூடாதுன்னு சொல்லு. இருக்கற இடத்திலே எங்களுக்கும் கொஞ்சம் இடம் வேணும்னு சொல்லு."

குழந்தை எழுந்து வெறும் பாதி அறையைத் தாண்டிப்போய், அடைத்த இடத்துக்கு நேராக நின்று, பழைய வீட்டில் தபாலாபீஸ் மாமாவிடம் சொல்வதுபோலவே ஒப்பித்தது. பிறகு காதைச் சாய்த்துக் கேட்டது. பாலாம்பாளுக்கு எதுவும் கேட்கவில்லை. விளக்குத் திரி சிடுசிடுத்தது. வாசனை கனத்தது.

குழந்தை திரும்பியது. "எத்தனை பேர்னு கேக்கறார் மா."

அவள் உதடு ஒட்டிக்கொண்டது.

"அம்மா, எத்தனை பேர்னு…"

"மூணு பேர்" என்றாள்.

மறுபடி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, குழந்தை தலையை ஆட்டியது. "குழந்தை ஒண்ணுதானான்னு கேக்கறார். அழுமான்னு கேக்கறார். நான் அழமாட்டேன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் முதல் சுவருக்குள் வேலை ஆரம்பித்தது. எலி பிறாண்டுகிற சத்தமில்லை அது. கரண்டியால் மண்ணை வழிக்கிற சத்தம். நிறுத்தம். கையால் தடவிச் சமன் செய்கிற சத்தம். பெட்டியை நகர்த்தி, துடைப்பத்தால் பெருக்கி, பாயை உதறி இன்னொருவருக்கு இடம் ஒதுக்குகிற சத்தங்கள். ஆறு குடித்தனத்து வீட்டில் அவள் நூறு தடவை கேட்டவை. விடிந்ததும் சுவரடியில் சல்லடையில் சலித்ததுபோல் மண் குவிந்திருக்கும். கைலாசநாதன் பார்ப்பதற்குள் வாரிக்கொண்டுபோய் வயலில் கொட்டுவாள். ஒருநாள் ஒரு முறம். அடுத்த நாள் இரண்டு. அந்தச் சுவர் முழுவதையும் இடித்தாலும் அவ்வளவு மண் வராது.

ஒன்பதாம் நாள் அவள் கிணற்றடியிலிருந்து திரும்பியபோது குழந்தை பின்சுவரை ஒட்டித் தரையில் மல்லாந்து கிடந்தது. கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு.

"என்னடி பண்றே!"

"அசங்காதேன்னார் மா. அளவு பார்க்கறார்."

பாலாம்பாள் குழந்தையை இழுத்து முதுகில் ஓர் அறை வைத்தாள். குழந்தை அழவில்லை. ஓசையே வராமல் உதட்டை மட்டும் கடித்துக்கொண்டது. "இனிமே அந்தப் பக்கம் போகாதே. மாமாவோட பேசாதே."

"நீதானே பேசச் சொன்னே" என்றது குழந்தை.

வாஸ்தவம். சொல்லியாயிற்று. சொன்னதைத் திருப்பி வாங்கவும் அந்தக் குழந்தையைத்தான் அனுப்ப வேண்டும்.

சாந்தி நாள் காலையில் எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சாஸ்திரிகள் வந்தார். அறையின் நடுவில் கலசம் வைத்து ஜபித்தார். மாவிலையால் நாலு மூலையிலும் தண்ணீர் தெளித்தார். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் நிரப்பித் தானம் வாங்கிக்கொண்டார். சுவர் பேசவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. கட்டிவைத்த சாமான்களோடு பாலாம்பாள் வாசற்கதவருகில் நின்றாள். திருமங்கலம் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கைலாசநாதன் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்தடவையாகச் சுந்தரம்மாள் உள்ளே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுமில்ல, சுத்தமாயிருச்சு" என்று சிரித்தாள். "மலைச்சாமி, ஒடைப்பா."

கொத்தன் மலைச்சாமி கடப்பாரையால் அடைத்த இடத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு நிமிர்ந்தான். "என்னத்தா, சத்தம் பானையத் தட்டுன மாதிரியில்ல கேக்குது?"

"கதை பேசாம வேலயப் பாரு. பொழுது சாஞ்சாலும் சன்னல் வரணும்."

இரண்டாவது குத்து. மூன்றாவது. மண் அடையோடு பெயர்ந்து சுவருக்குள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.

வெளிச்சம் தெரியவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. சுவரை உடைத்தால் வயல் தெரியவேண்டும். தெரியவில்லை. மலைச்சாமி கடப்பாரையைச் சாத்திவிட்டு வாசல் வழியாக ஓடி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. "இங்க ஒடையவே இல்லத்தா! சுவரு அப்படியே நிக்கிது!" பிறகு அவன் ஓடுகிற சத்தம். திரும்பி வருகிற ஓட்டம் இல்லை.

பாலாம்பாள் பார்த்தாள்.

உள்ளே ஓர் அறை இருந்தது. சாணி மெழுகிய தரை, இன்னும் ஈரம் உலராமல். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பக்கவாட்டில் சுவரைக் குடைந்து, கையால் தடவித் தடவி வழவழப்பாக்கிய படுக்கையிடங்கள். நாலு. ஒன்று பழையது, தலை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. அதை அடுத்து ஒன்று, உயரமான ஆளுக்கு. ஒன்று, அவளுக்கு. ஒன்று, சின்னது.

சாஸ்திரிகள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார். எண்ணெய் ஓடியது. சுந்தரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வாசலுக்குப் போனாள்.

"சாவித்ரி" என்றாள் பாலாம்பாள்.

பக்கத்தில் குழந்தை இல்லை. அது ஏற்கெனவே உள்ளே குனிந்து போய்ச் சின்ன இடத்தில் ஏறிப் படுத்திருந்தது. கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து. கண்ணை மூடிக்கொண்டு. தலையிலும் காலிலும் ஒரு விரற்கடை மிச்சமில்லை. அழவில்லை. அசங்கவில்லை.

கத்த வேண்டும். இழுக்க வேண்டும். பாலாம்பாளின் கண் மட்டும் அவளைக் கேட்காமல் உள்ளே போயிற்று. இடது மூலைக்குப் போயிற்று. அங்கே அடுப்பு வைத்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கைலாசநாதன் குனிந்து, கட்டிவைத்த டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கியிருந்தார். உடைந்த சுவரைப் பார்த்தபடி, மறுபக்கத்தை அவள் பிடிப்பதற்காகக் காத்து நின்றார்.